கெட்டில் வாங்க வந்தவர்

முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எழுதிவிடுகிறேன். இடம், தோர்ன்லி கடையின் மாடியில் ஊழியர்கள் தேநீர் குடிக்கும் அறை. நாள் புதன்கிழமை, நேரம் பிற்பகல் மூன்று. நீள மேசையின் தலைப்பக்கம், வெப்பக்குழாய்க்கு முதுகைக் காட்டியபடி மேலாளர் சைமன் கிரேவ்ஸ். அவருக்கு வலப்பக்கம் லீட்ஸ் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த நட்டாலி பெர்ரி, முன்னால் மடிக்கணினி. அவர்களுக்கு எதிரே, கதவை ஒட்டிய நாற்காலியில், இருபத்திரண்டு வருடமாக அந்தக் கடை வாசலில் நிற்கிற பெரில் ஹோட்ஜ். அவள் கோட்டைக் கழற்றவில்லை. அவளுக்கு இடப்பக்கம் நான், கிளைவ் ரோத்வெல், விற்ற பொருளைத் திருப்பி வாங்கும் கவுண்ட்டரில் வேலை பார்ப்பவன்.

வேலையை விட்டு நீக்கும் விசாரணைக்குத் துணையாக ஒரு சக ஊழியரை அழைத்து வரலாம் என்பது சட்டம். துணைக்கு வந்தவன் பேசலாம், குறிப்பு எடுக்கலாம். அவளிடம் கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்லக் கூடாது. பெரில் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் என் கையெழுத்து. குப்பைவண்டி வரவில்லை என்றாலும், ஓய்வூதியத்தில் குளறுபடி என்றாலும் எங்கள் ஊர் ஹார்ஸ்டனில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதித் தருகிறவன் நான். தேதி, இடம், ஆள், நடந்தது என்று இதே வரிசையில் எழுத வேண்டும் என எங்கள் ஊர்ப் பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வேறு எதுவும் அங்கே எனக்கு ஏறவில்லை.

மேசை நடுவில் ஒரு தட்டில் பிஸ்கட் இருந்தது. ஒருத்தியின் பிழைப்பில் கை வைக்கக் கூப்பிட்ட இடத்தில் பிஸ்கட் வைக்கிற நாகரிகம் இங்கிலாந்துக்காரர்களான எங்களுக்கு மட்டுமே உண்டு. யாரும் தொடவில்லை. பிறகு சைமன் இரண்டு தின்றார்.

நடந்ததை இப்போது சொல்கிறேன். அமெரிக்காக்காரனுக்கு நவம்பர் நாலாம் வியாழன் நன்றி நவிலும் விருந்து. மறுநாள் வெள்ளி விடுமுறை. வயிறு முட்டத் தின்றவன் காலாற நடந்து கடைக்குப் போகிறான், கடைக்காரன் விலையைக் குறைக்கிறான். அது அவன் பாடு. எங்களுக்கு வியாழனும் வேலைநாள், வெள்ளியும் வேலைநாள். நாங்கள் விருந்தை விட்டுவிட்டு, விருந்துக்கு மறுநாள் வருகிற வயிற்றுப்போக்கை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தள்ளுபடி என்று எங்களுக்கே ஒன்று இருந்தது. மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் தேநீர், வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை என்று கண்ணியமாகத்தான் நின்றோம். அது போதவில்லை. போன கோடையிலிருந்தே 'கறுப்பு வெள்ளி, கறுப்பு வெள்ளி' என்று லீட்ஸிலிருந்து தாள் தாளாக வந்தது.

"இரும்புத் தடுப்பு வாடகைக்கு எடுக்கலாமா சார்?" என்று முந்தின வாரக் கூட்டத்தில் பெரில் கேட்டாள்.

"தடுப்பா? இது இங்கிலாந்து பெரில். நம்ம ஜனங்களுக்கு எது வராட்டியும் வரிசையில நிக்க வரும்" என்றார் சைமன். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அவர் சொன்னது பொய்யில்லை. வெள்ளிக்கிழமை காலை நான் ஆறரைக்கு வேலைக்கு வந்தபோது நூற்றைம்பது பேர் வங்கி முனை வரை ஒரு கோடு போட்ட மாதிரி நின்றிருந்தார்கள். யாரோ பெயர்ப்பட்டியல்கூடத் தயார் செய்திருந்தார்கள். கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியின் அட்டையைக் கிழித்து, எண் போட்டு, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கழிப்பறைக்குப் போய்வருகிறவர்கள் இடத்தை இழக்காமல் இருக்க அந்த ஏற்பாடு.

ஏழரைக்கு எட்கர் பூத் வந்தார். எண்பத்தோரு வயது, கைத்தடி, பழுப்புக் கம்பளிக் கையுறை. பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்புகிற வழியில் வரிசையைப் பார்த்திருக்கிறார். எதற்கு என்று கேட்காமலேயே கடைசியில் போய் நின்றுவிட்டார். எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர்கள் வரிசையைப் பார்த்தால் அப்படித்தான் செய்வார்கள், காரணத்தை நின்றபிறகு விசாரிப்பார்கள். முன்னால் நின்றவள் விவரம் சொன்னதும், "அடடா, எனக்கு ஒரு கெட்டில்தாம்மா வேணும். பழசு புட்டுக்கிச்சு. நாலு நாளா சட்டியில தண்ணி காய்ச்சறேன்" என்றிருக்கிறார்.

அவ்வளவுதான். எங்கள் ஜனங்களின் நல்ல மனசு பொங்கிவிட்டது. "ஐயாவுக்கு கெட்டில் மட்டும்தானாம், முன்னாடி விடுங்கப்பா!" ஒருவர் அடுத்தவரிடம் சொல்ல, நூற்றைம்பது பேரும் கையைப் பிடித்து, முதுகைத் தட்டி, "போங்க ஐயா, போங்க கண்ணு" என்று அவரை வாசல் வரை அனுப்பிவைத்தார்கள். பட்டியலில் ஒன்றாம் எண்ணுக்கு மேலே '0' என்று போட்டு 'கெட்டில் ஐயா' என்று எழுதினார்கள். அப்போது மழை பிடித்தது.

ஏழு ஐம்பத்திரண்டுக்குப் பெரில் ஒற்றைக் கதவின் தாழ்ப்பாளை எடுத்தாள்.

என் கவுண்ட்டர் வாசலிலிருந்து இருபது அடி. நான் பார்த்ததை எழுதுகிறேன். கதவுக்கு உள்பக்கம் தள்ளுபடி டிவி பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கதவு ஒரு ஆள் அகலம் திறந்தது. எட்கர் தொப்பியைக் கழற்றிப் பெரிலுக்கு வணக்கம் சொன்னார். அடுத்த நொடி அவர் பின்னாலிருந்து ஒரு தள்ளு. கைத்தடி வழுக்கியது, அவர் குப்புற விழுந்தார். அவர் மேல் ஒரு காலணி, பிறகு இன்னொன்று, பிறகு நான் எண்ணவில்லை. வரிசை வாசல் வரைக்கும்தான். வாசலைத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மிதித்தவர்கள் ஒவ்வொருவரும் "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே மிதித்தார்கள். "மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் வழி, மன்னிச்சுக்கங்க." தரையில் கிடந்த அந்த மனிதர், ஒவ்வொரு மிதிக்கும், "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று பதில் சொன்னார். தான் வழியில் கிடப்பதற்காக. பெரில் அவர் மேல் குனிந்து தன் முதுகைக் கூரையாக வைத்து நின்றாள். அவள் முதுகிலும் ஒரு டிவி பெட்டியின் மூலை இடித்தது.

கூட்டம் உள்ளே போனபிறகு தரையில் ஈரமும் சேறும் ஒரு பல்செட்டும் கிடந்தன. பல்செட் எட்கருடையது இல்லை. இதுவரை யாரும் கேட்டு வரவில்லை. கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டையும் கிடந்தது. நூலோடு சேர்த்து எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்தேன். எழுத்து இருக்கிற எதையும் நான் தூக்கிப் போடுவதில்லை.

எட்கருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சனிக்கிழமையே பொருள்கள் என் கவுண்ட்டருக்குத் திரும்பி வர ஆரம்பித்தன. பிரிக்காத டிவி பெட்டிகள் மட்டும் ஏழு. 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு, கேட்டு எழுத வேண்டும். "வீட்ல ஏற்கெனவே ரெண்டு இருக்கு." "சுவத்துல இடம் பத்தல." ஒருவன் சொன்னான்: "எல்லாரும் எடுத்தாங்க, நானும் எடுத்தேன். எனக்கு டிவியே பிடிக்காது." அதை அப்படியே எழுதிக்கொண்டேன். பெட்டியின் மேல் இருந்த சேற்றுக் காலடியை அவனே கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தான், ஒழுங்கான ஆள்.

இனி தேநீர் அறைக்கு வருகிறேன்.

"எட்டு மணிக்குத்தான் திறக்கணும்னு எழுதியே குடுத்திருந்தோம் பெரில்" என்றார் சைமன். "எட்டு நிமிஷம் முன்னாடி திறந்திருக்க."

"ஆமா. திறந்தேன்."

"ஏன்?"

"மழை சார். முன்னாடி நிக்கறவருக்கு எண்பது தாண்டிடுச்சு, மூக்கு நுனியில தண்ணி சொட்டுது. பின்னாடி இருந்தவங்க கண்ணாடியத் தட்டித் தட்டி, 'ஏம்மா, ஐயாவ மட்டும் உள்ள விடேன், உனக்கு ஈரமே இல்லையா'ன்னு கேட்டாங்க. ஒத்தக் கதவு. ஒரே ஒரு ஆளுக்கு."

நட்டாலி மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். "கேமராவுல சத்தம் பதிவாகாது பெரில். அவங்க கேட்டதுக்கு ஆதாரம் இல்ல. படத்துல நீங்களா சிரிச்சுக்கிட்டே திறக்கற மாதிரிதான் இருக்கு."

"வயசானவர உள்ள கூப்பிடறப்போ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா திறப்பாங்க?"

படம் ஓடியது. சத்தமில்லாமல் பார்க்கும்போது இன்னும் கேவலமாக இருந்தது. சாக்கடை அடைப்பு எடுபட்ட மாதிரி ஜனம் உள்ளே கொட்டியது. கத்திரிப்பூ நிறக் கோட்டு ஒன்று எட்கரைத் தாண்டிக் காலை வைத்தது. அந்தக் கோட்டுக்காரி ஒரு பெட்டியைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனாள். நான் என் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"மிதிச்சவங்க முகம் தெளிவாத் தெரியுதே. அவங்கள ஏன் யாரும் கூப்பிடல?" என்று கேட்டேன்.

"கிளைவ், வாடிக்கையாளரப் பத்திப் பேச நாம இங்க வரல."

"மிதிச்சது அவங்கதானே சார்?"

"வாடிக்கையாளர் மிதிக்க மாட்டார்" என்றார் சைமன், பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டுக்கொண்டே. "கூட்டம் நகரும். அது நகர்றதுக்குக் காரணமா இருந்தது யாருங்கறதுதான் கேள்வி."

பெரில் அவரைப் பார்த்தாள். "எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு சார் ஓய்வு பெற. என் வீட்டுக்காரர் ரானுக்கு நுரையீரல் போயிடுச்சு, படி ஏற முடியல. அறுபத்துமூணு வயசுல, 'கவனக்குறைவால ஆள முடமாக்கினவ'ன்னு எழுதி அனுப்பினா என்னை வேற எவன் எடுப்பான்?"

நட்டாலி கொஞ்சம் இறங்கி வந்தார். ஒரு வாரம் தருவதாகவும், வாசலில் முன்னால் நின்ற ஒருவராவது, கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டோம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்றும், இல்லாவிட்டால் அடுத்த புதனோடு வேலை முடிந்தது என்றும் சொன்னார். எட்கரைக் கேட்கலாமே என்றேன். ஏற்கெனவே கேட்டாயிற்றாம். மழையில் கெட்டுவிடும் என்று காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தாராம். ஒன்றும் கேட்கவில்லை.

பின்வாசல் படியில் பெரில் சிகரெட் பற்றவைத்தாள். தீக்குச்சி மூன்று அணைந்து, நாலாவதுதான் பிடித்தது.

"அந்த அட்டை உன்கிட்டதானே இருக்கு கிளைவ்?"

"இருக்கு."

"ஒண்ணு, டெரிக் சட்டன். ரெண்டும் மூணும் அந்த மேல்தெரு புருஷன் பொண்டாட்டி, கேதியும் பிலும். கண்ணாடியத் தட்டினது இவங்கதான்." புகையை விட்டாள். "நாலாம் நம்பர் யாருன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நான் உள்ள சொல்லல, இனியும் சொல்ல மாட்டேன். சொல்றதா இருந்தா நீ சொல்லு."

நான் உள்ளே போய் மேசை இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்தேன்.

நாலாம் எண்ணில் 'மே. ரோத்வெல்' என்று இருந்தது. என் மனைவி மேரியன். அன்று காலை அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். நான் வங்கி முனையிலிருந்தே பின்வாசலுக்குத் திரும்பிவிட்டதால் வரிசையின் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கத்திரிப்பூ நிறக் கோட்டை நான்தான் அவளோடு போய் வாங்கினேன். கடைக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு போனவள் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சாயங்காலம் வீட்டில் உருளைக்கிழங்கும் ஆட்டுக்கறியும். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவா?" என்று கேட்டாள். "போதும்" என்றேன். ஐந்து நாளாக அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரிக் கதவை இருவருமே திறக்கவில்லை. முப்பத்தாறு வருடக் கல்யாணத்தில் அசிங்கமான எதையும் இப்படித்தான் மூடி வைத்திருக்கிறோம்.

ஆகவே நான் முறைப்படி ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினேன். எண் வரிசையில் போவதுதானே ஒழுங்கு. கோழைத்தனத்தையும் அப்படி ஒழுங்காகச் செய்யலாம்.

டெரிக் சட்டன் எங்கள் தெருக்காவல் குழுவின் செயலாளர். சிரித்த முகமாகக் கதவைத் திறந்தார், தேநீர் கொடுத்தார், மழையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். நான் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இது என்ன?"

"நீ எழுதினது டெரிக்."

"நானா? என் கையெழுத்தே இல்லையேப்பா."

அவர் தலைக்குப் பின்னால், ஜன்னல் கண்ணாடியில், குப்பைத்தொட்டியை வியாழக்கிழமைக்கு முன் வெளியே வைக்கக் கூடாது என்று தெருவுக்கு அறிவிக்கும் தாள் ஒட்டியிருந்தது. அதே சாய்வு, அதே கொக்கி போட்ட ஏழு. நான் அதையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"நான் அன்னிக்கு படுக்கையில இருந்தேன் கிளைவ். முதுகுவலி. இன்னொரு கப் ஊத்தவா?"

"பெரிலுக்கு வேலை போயிடும் டெரிக்."

"பாவம், நல்ல பொம்பள" என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டு. "நம்ம ஊர்ல இப்படி நடந்திருக்கவே கூடாது. வெளியூர்க்காரங்க யாராவது வந்திருப்பாங்க."

கேதியும் பிலும் கதவைச் சங்கிலி போட்டு இரண்டு அங்குலம்தான் திறந்தார்கள். இடுக்கில் கேதியின் ஒரு கண் தெரிந்தது. கூடத்தில் காபி மெஷின் பெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தெரிந்தன.

"நாங்க வரிசையிலதான் நின்னோம். வரிசையில நிக்கறது தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? கதவத் திறக்கச் சொல்லி நீங்கதானே கேட்டீங்க, அத எழுதிக் குடுத்தா போதும்."

"கேட்டோம். நல்ல எண்ணத்துலதான் கேட்டோம்." உள்ளேயிருந்து பில் ஏதோ முணுமுணுத்தான். கேதியின் கண் அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. "இல்ல. கேக்கல. அவளாத்தான் திறந்தா. ஆபீசுக்குப் போனா படத்தப் போட்டுக் காட்டுவாங்களாமே? எங்க மக ஸ்கூல் டீச்சரு கிளைவ். பேப்பர்ல வந்துடும்."

"எட்கர் பூத்துக்கு இடுப்பு முறிஞ்சிருச்சு கேதி."

"தெரியும். ஒரு கார்டு அனுப்பியிருக்கோம்" என்றாள். "பூப் படம் போட்டது." கதவு சாத்தியது. நான் படியிறங்கும்போது கதவுக்குப் பின்னாலிருந்து, "மன்னிச்சுக்கங்க!" என்று குரல் வந்தது.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எச்சில் துப்பத் தோன்றியது. வேலியோரம் துப்பினேன். அறுபத்திரண்டு வயதில் ஊருக்குள் நான் தெருவில் துப்பியது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேரியன் தேவாலயத்திலிருந்து வந்து அடுக்களையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நான் மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்தேன். துணி விரித்து மூடிய பெட்டி. துணியை எடுத்தேன். பிரிக்கவே இல்லை. பெட்டியைச் சுற்றி இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் ஒரு பழுப்புக் கம்பளிக் கையுறை சிக்கியிருந்தது. விழுந்தவர் எதையாவது பிடிக்கப் பார்த்திருக்கிறார். பெட்டியைப் பிடித்திருக்கிறார். பெட்டி அவர் கையிலிருந்து கையுறையை உருவிக்கொண்டு போயிருக்கிறது.

மேரியன் பின்னால் வந்து நின்றிருந்தாள், கையில் கத்தியும் பாதி உரித்த கிழங்கும்.

"வீட்டுக்கு வந்துதான் பாத்தேன்" என்றாள். "பிடுங்கிப் போடக்கூடக் கை வரல."

"ஒன்பது நாளு."

"எண்ணிக்கிட்டே இருந்தியா?"

"நீ எண்ணலியா?"

அவள் கிழங்கைப் பார்த்தாள். "உனக்குத்தான் வாங்கினேன் கிளைவ். நீ ஸ்னூக்கர் பாக்கறப்போ பழைய டிவியில சிவப்புப் பந்தும் பழுப்புப் பந்தும் ஒண்ணாத் தெரியுதுன்னு சொன்னியே."

"என் தலையில கட்டாத."

"கட்டல. சொன்னேன், அவ்வளவுதான்." கிழங்கில் மீதித் தோலைச் சீவினாள். "நான் அவரத் தாண்டினேன். மிதிக்கல."

"படத்துல பாத்தேன். தாண்டினே. சேலையத் தூக்கிக்கிட்டு சாக்கடையத் தாண்டற மாதிரி" என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் ஊரில் யார் சேலை கட்டுகிறார்கள்? லெஸ்டரிலிருந்து வந்து மருந்துக்கடை வைத்திருக்கும் திருமதி படேல் ஒருவர்தான். அவர் அன்று மருந்துக்கடையிலிருந்து ஓடி வந்து எட்கரின் தலைக்குக் கீழே தன் ஸ்வெட்டரை மடித்து வைத்தவர். அந்த உவமையை விழுங்கிவிட்டு, "சேத்தத் தாண்டற மாதிரி தாண்டினே" என்று மட்டும் சொன்னேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

"காலையில அஞ்சு மணியிலேருந்து அவங்களோட நின்னேன்" என்றாள். "கேதி கேக் குடுத்தா. டெரிக் ஜோக் சொன்னான். எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி இருந்தோம். அந்தப் பெரியவர முன்னாடி அனுப்பினப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, நம்ம ஜனம் எவ்வளவு நல்லதுன்னு. கதவு திறந்துச்சு. பின்னாடி ஒரு சத்தம் வந்துச்சு. என் வாயிலேருந்தும் அந்தச் சத்தம் வந்துச்சு கிளைவ். அது என்ன சத்தம்னு எனக்குத் தெரியல."

"பெரில்கிட்ட கதவத் திறக்கச் சொன்னது யாரு?"

"நாங்க நாலு பேரும். முதல்ல தட்டினது நான். மோதிரத்தால தட்டினேன், நல்லாக் கேக்கட்டும்னு."

நான் மேசையில் தாளை விரித்தேன். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நான் எழுதவா, நீ எழுதறியா?"

"நீ எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

"முடியாது. நான் எழுதினா என் பேச்சுன்னு சொல்லிடுவாங்க. உன் கையால எழுது. தேதி, இடம், ஆள், நடந்தது. அந்த வரிசையில."

எழுதினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடுப்பில் கறி ஓரம் கருகியது, இருவரும் எழுந்திருக்கவில்லை. அவள் எழுதி முடித்ததை நான் என் கடிதத்தோடு சேர்த்தேன். என் கடிதத்தில், மேற்படி நாலாம் எண் என் மனைவி என்பதையும், அது தெரிந்தும் விசாரணை அறையில் நான் வாய் திறக்கவில்லை என்பதையும், அட்டையை இத்துடன் இணைத்திருப்பதையும், படத்தில் ஊதாக் கோட்டில் தெரிபவள் அவள்தான் என்பதையும் எழுதினேன். அவள் வாங்கிப் படித்தாள்.

"ஊதா இல்ல. கத்திரிப்பூ நிறம். ஊதான்னா வேற எவளையாவது பிடிச்சுடுவாங்க. எழுதறத சரியா எழுது."

அடித்துத் திருத்தினேன்.

"ஊர்ல தெரிஞ்சுடும்" என்றாள்.

"தெரியும்."

"தேவாலயத்துல என் பக்கத்துல எவளும் உக்கார மாட்டா."

"அவளுங்களும் வரிசையில நின்னவளுங்கதான்."

அதற்கு அவள் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கட்டும் என்று சொல்லவில்லை. "அந்தச் சனியனத் திருப்பி எடுத்துக்கிட்டு நாளைக்கு உன் கவுண்ட்டருக்கு வரேன்" என்றாள்.

"வா. காரணம் என்னன்னு கேப்பேன்."

"கேளு. சொல்றேன்."

அவளை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. அன்று இரவு என் பக்கத்தில் படுத்தவளின் காலை என் கால் தொட்டபோது, அந்தக் கால் எதைத் தாண்டியது என்றுதான் நினைத்தேன். என் காலும் அந்தக் கவுண்ட்டருக்குப் பின்னால் இருபது அடி தூரத்தில் நகராமல் நின்ற கால்தான் என்பதும் நினைவு வந்தது. கையுறையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தானே கொண்டு போவதாகச் சொன்னாள். அவர் அதற்கும் மன்னிப்புக் கேட்பார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை மாலை ஐந்துக்குத் தபால் நிலையம். எனக்கு முன்னால் ஆறு பேர். பதிவுத் தபாலாக அனுப்பினால்தான் செவ்வாய்க்கிழமை லீட்ஸில் கையெழுத்து வாங்கிக் கொடுப்பார்கள். உறையை இன்னும் ஒட்டவில்லை. கடைசியாக ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன்: என் கடிதம், அவள் வாக்குமூலம், கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டை. பேனா கட்டிய நூல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது, அதை உள்ளே தள்ளினேன்.

எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். டெரிக் சட்டன், கையில் நாலைந்து கிறிஸ்துமஸ் பார்சல். என் கையைப் பார்த்தார். அட்டையின் மஞ்சள் ஓரமும் தன் கையெழுத்தில் ஒரு பூஜ்யமும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். முகம் மாறவில்லை. காது மட்டும் சிவந்தது.

"ஒரே ஒரு கவர்தானா கிளைவ்?" என்றார், அந்தப் பழைய இனிமையோடு. "எனக்கு நிறைய இருக்கு. நீ முன்னாடி போப்பா."

"வேணாம் டெரிக்."

"அட, போன்னா..."

"நீ முன்னாடி நில்லு. நான் உனக்குப் பின்னாடியே நிக்கறேன்."

அவர் திரும்பி நின்றார். அவர் பிடரி முழுவதும் சிவந்திருந்தது. அதன் பிறகு தன் முறை வரும்வரை அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. யாரோ பின்னால் மிக நெருங்கி நிற்பதைப் போலத் தோள்களைக் குறுக்கிக்கொண்டே இருந்தார்.

என் முறை வந்தது. உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து அழுத்தி ஒட்டினேன். கவுண்ட்டர்ப் பெண் எடை போட்டாள், சீட்டை ஒட்டினாள், முத்திரையை ஒரு குத்துக் குத்தி, பின்னாலிருந்த சாம்பல் நிறப் பைக்குள் எறிந்தாள்.